ஒரு தெருத் தூரம்

அத்தியாயம் பதினேழு

அன்று காலையிலிருந்து சித்ரலேகாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பையில் வைத்த துண்டை வெளியே எடுத்து, மடித்து, மறுபடியும் உள்ளே வைத்தாள். எக்ஸ்ரே படங்கள் இருந்த பெரிய உறையைத் தொட்டுப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அடுப்பில் பால் வைத்ததே ஞாபகம் வந்தது.

மத்தியானம் பஸ். நாளைக் காலை திருவனந்தபுரத்தில், ராணுவ மருத்துவமனையில், மெடிக்கல் போர்டு.

வீரவநல்லூரில் அந்த வீடு இரண்டு வருஷமாகக் காத்திருந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான். சித்ரலேகாவின் கணவர் பாபநாசம் பட்டாளத்தில் இருபத்து நான்கு வருஷம் இருந்தவர். வடக்கே பனிமலையில் முதுகில் சுமையோடு சறுக்கி விழுந்ததில் வலது கணுக்கால் புரண்டுவிட்டது. சரியாக ஆறுவதற்குள் மறுபடியும் மலை ஏறினார். அந்தக் காலைக் காப்பாற்றப் போய் இடது முட்டி தேய்ந்தது. இப்போது சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்கிக்கொள்ளும்.

ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது, மெடிக்கல் போர்டு டாக்டர்கள் பார்த்துப் போட்ட ஊனச் சதவீதம் பதினைந்து. இருபது இருந்தால்தான் அரசாங்கம் அதை ஊனமாகவே எடுத்துக்கொண்டு ஊன ஓய்வூதியம் கொடுக்கும். போதாக்குறைக்கு, முட்டி தேய்ந்தது வயதினால்தான், பணியினால் அல்ல என்று ஒரு வரி.

அந்த வரிதான் பாபநாசத்தைத் தின்றது. "நாப்பத்தஞ்சு வயசுல எனக்குக் கெழடா தட்டிப் போச்சு?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார். மேல்முறையீடு செய்து, அது தள்ளுபடியாகி, அதற்கு மேலே ஒன்று செய்து, கடைசியில் புதிதாக ஒரு போர்டு பார்க்கட்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது.

சரி, அந்தப் பதினைந்து எப்படி வந்தது? அதை அவர் ஒரு வருஷம் கழித்துத்தான் மனைவியிடமே சொன்னார். டாக்டர் குத்தவைத்து எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒரு கர்னல். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்து, விறைப்பாக நின்று, "டீக் ஹை, சாப்" என்றிருக்கிறார். நல்லா இருக்கேன் ஐயா! நல்லா இருக்கிற மனுஷனுக்கு டாக்டர் வேறு என்ன எழுதுவார்?

"எம்மா, இங்கன வாயேன். இதைப் பாத்தியா?"

மகள் சுப்ரஜா செல்போனை நீட்டிக்கொண்டு நின்றாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. என்னட்டி?"

"பாரு மொதல்ல."

போன செவ்வாய்க்கிழமை நடந்த சந்தனமாரி அம்மன் கொடைத் திருவிழா. மேலத்தெரு முக்கில் சப்பரம் திரும்புகிறது. மேளம் அடிக்கிறது. சப்பரத்தைச் சுமக்கும் முன்தண்டில், இடது பக்கம், வெற்றுத் தோளில் துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வருகிறார் ஒருவர்.

பாபநாசம்.

கீழே எழுத்து ஓடியது. 'பார்டர்லயும் எங்க சித்தப்பாதான்! அம்மன் தண்டுலயும் எங்க சித்தப்பாதான்!' அதற்கு ஒரு சினிமா மேளம் வேறு. ஆயிரக்கணக்கில் பார்த்திருந்தார்கள். 'ஆர்மின்னா சும்மாவா' என்று ஒருவன். 'மாமா வெயிட்டு' என்று இன்னொருவன்.

முதல் விநாடி சித்ரலேகாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன். கல்யாணமான புதிதில் இப்படித்தான் நடப்பார். அடுத்த விநாடி நாளைய போர்டு ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் மாவிளக்குக்கு இடித்துக்கொண்டிருந்தாள். சப்பரத்தோடு நடந்தேன், கால் வீங்கிப் போச்சு என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதை நம்பி, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைத்து, தைலம் தேய்த்து, கட்டிலை விட்டு இறங்க முடியாதவருக்குத் தட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததெல்லாம் யார்? இந்தக் கோட்டிக்காரிதான்.

"எங்க உங்க அப்பா?"

"பின்னால. ஷூவுக்குப் பாலிஷ் போடுதாவ."

நாளைக்குப் போட வேண்டிய கறுப்பு ஷூ. மெத்தென்ற செருப்புதான் போட வேண்டும் என்று எலும்பு டாக்டர் சொல்லி மாதக்கணக்காகிறது. போர்டுக்குச் செருப்போடு போவதா என்று கேட்டு அந்தப் பேச்சை அவர் அன்றே முடித்துவிட்டார்.

"சப்பரம் தூக்குனியளா?"

பிரஷ் நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. "ஒரு தெருதான்."

"ஒரு தெருதானா?"

"சித்ரா, அது எங்க அப்பா பிடிச்ச எடம். மேலத்தெரு பூரா முன்தண்டு எடது பக்கம் நம்ம வீட்டு ஆள்தான் பிடிக்கணும். கூப்பிட்டு ஆள் வரலைன்னா வேற வீட்டுக்காரன் தோளைக் குடுத்துருவான். அந்த வருஷம் எடம் அவனுக்கு. கோமதிசங்கரைக் காணோம். அண்ணனுக்கு நெஞ்சுல ஆப்ரேஷன். முக்குல சப்பரத்தை நிறுத்திக்கிட்டு, உங்க வீட்டு ஆள் எங்கன்னு எல்லாரும் என் மூஞ்சியப் பாக்கான். நான் என்ன செய்ய?"

"என் புருஷனுக்குக் கால் சரியில்லைன்னு சொல்லிருக்கணும்."

"யார்ட்ட?"

"அம்மன்ட்ட! அவளுக்குத் தெரியாதா உங்க காலு?"

அவர் ஷூவின் மூக்கில் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"நாளைக்கு நீங்க நடக்க முடியலைன்னு சொல்லப் போறிய. அவங்க இதை எடுத்துக் காட்டி, இது யாருன்னு கேட்டா?"

"டாக்டருக்கு நம்ம ஊர் சப்பரத்தைப் பாக்கதுதான் வேலையா? பேசாமப் போ."

சித்ரலேகா பேசாமல்தான் போனாள். அடுத்த தெருவுக்குப் போனாள்.

கோமதிசங்கர் அவருடைய அண்ணன் மகன். அம்பாசமுத்திரத்தில் பைக் ஷோரூமில் வேலை. ஞாயிற்றுக்கிழமையாதலால் சாவகாசமாகத் தோசை தின்றுகொண்டிருந்தவன், சித்தி வந்த வேகத்தைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டான்.

"ஏலே, அந்த வீடியோவை எடு."

"ஏன் சித்தி? நல்லாத்தானே இருக்கு?"

"நாளைக்கு உங்க சித்தப்பாவுக்கு என்ன நாளுன்னு தெரியுமா தெரியாதா?"

தெரியும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. முகம் வெளிற, எச்சில் கையோடு செல்போனைத் தடவி அதை எடுத்துவிட்டான்.

"எடுத்துட்டேன் சித்தி. ஆனா..." என்று இழுத்தான். "சித்தப்பாதான் அனுப்புலேன்னு கேட்டு வாங்குனாவ. அவுக பட்டாளத்துக் கூட்டாளிக குரூப்புல அவுகளே போட்டுட்டாவ. நேத்தே."

சித்ரலேகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த மனுஷனை என்ன செய்வது? ஊரில் போட்டதை அழிக்கலாம், இவரே எடுத்துக்கொண்டு போய்ப் பட்டாளம் பூராவும் பந்தி வைத்தால்?

கோமதிசங்கர் கை கழுவிவிட்டு வந்து எதிரே நின்றான். கண்ணைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நான்தான் சித்தி தூக்கிருக்கணும். கூட்டாளிகளோட மணிமுத்தாறு குளிக்கப் போனேன். வரும்போது பைக் பஞ்சர். ஓடி வந்து பாத்தா சித்தப்பா தண்டுல நிக்காவ. தெரு முடியாம ஆள் மாத்தக்கூடாதுன்னுட்டாங்க. அதான் எடுத்தேன்." கொஞ்சம் தயங்கினான். "நான் போட்டது வெட்டுன துண்டு. முழுசா இருக்கு. பாக்கியளா?"

பார்த்தாள்.

தெரு முடிகிறது. வேறு ஆள் தோள் மாற்றிக்கொள்கிறான். சப்பரமும் மேளமும் கூட்டமும் வளைவில் திரும்பிப் போகின்றன. பாபநாசம் மட்டும் பின்தங்குகிறார். கும்பிடுகிறவர் மாதிரி நிற்கிறார். கடைசி ஆளும் தலை மறைந்ததும் சுவரைப் பிடிக்கிறார். ஓர் எட்டு வைக்கிறார். முட்டி மடங்குகிறது. விழவில்லை, உட்காரப் பார்க்கிறார். அதுவும் முடியாமல் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தவழ்ந்து, தெருக்குழாய்க்குப் போய்ச் சேருகிறார். தண்ணீரைத் திறந்து காலைக் காட்டுகிறார். வாய் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. அப்போது படம் ஆடுகிறது. எடுத்தவன் ஓடியிருக்கிறான்.

"நான்தான் தூக்கி, யாரும் பாக்காம குளத்துப் பக்கமாக் கொண்டுவந்து விட்டேன் சித்தி. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாவ. உங்ககிட்ட முக்கியமாச் சொல்லக் கூடாதுன்னாவ."

அவளுக்கு அழுகை வந்தது. அதை விட அதிகமாகக் கோபம் வந்தது.

"இதை எனக்கு அனுப்பு."

"சித்தி, சத்தியம் பண்ணிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்னுதானலே பண்ணுன? நீ ஒண்ணும் சொல்லாண்டாம். அனுப்பு."

அனுப்பினான்.

வீரவநல்லூரிலிருந்து வந்த பஸ் சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று நின்று வந்தது. அவளுக்கு ஒவ்வொரு நிறுத்தமும் எரிச்சலாக இருந்தது. பாபநாசம் ஜன்னலோரம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காலில் பளபளவென்று ஷூ.

புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, நாகர்கோவில் பஸ் ஏறுவதற்கு முன்னால், பெருமாள்புரத்தில் மணிராஜ் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மணிராஜ் ஓய்வு பெற்ற சுபேதார். இந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் பாதிப் பேருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தவர். இவர்களுக்கும் அவர்தான்.

வாசலில் கண்டதுமே ஆரம்பித்தார்.

"உமக்கு என்ன, கோட்டி பிடிச்சிருக்கா வே? குரூப்புல சப்பரம் தூக்கிக்கிட்டு நிக்கீரு! நான் ரெண்டு வருஷமா உமக்கு நடக்க முடியலைன்னு எழுதுதேன், நீரு நெஞ்சை நிமித்திக்கிட்டு வாரீரு!"

"ஒரு தெருதான் அண்ணாச்சி."

"ஒரு தெருவோ ஒரு முக்கோ. கைதட்டுதவன் எல்லாரும் கைதட்டிட்டுப் போயிருவானா? எவனாவது ஒருத்தன் போர்டுக்கு அனுப்பி வைக்க மாட்டானா? சரி, உக்காரும். ஷூவைக் கழட்டும்."

பாபநாசம் கழற்றினார். குனிய முடியாமல், காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் போட்டு, மெதுவாக. மணிராஜ் தரையில் உட்கார்ந்து அந்தக் கணுக்காலைக் கையில் ஏந்தினார்.

"நான்தான் டாக்டர். கேக்கதுக்குப் பதில் சொல்லும்." கட்டை விரலால் அழுத்தினார். "வலிக்கா?"

"பரவால்ல."

"பரவால்லைன்னு ஒரு சதவீதம் கெடையாது வே. வலிக்கா, வலிக்கலையா?"

"கொஞ்சம்."

இன்னும் அழுத்தினார். பாபநாசத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. முகம் மட்டும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"வலிக்கா?"

"தாங்கிக்கிடலாம்."

மணிராஜ் காலை விட்டுவிட்டுச் சித்ரலேகாவைப் பார்த்தார். "இவரை வச்சிக்கிட்டு நான் என்ன தாயி செய்ய? அந்த வீடியோ வெளிய வந்தா பதில் சொல்ல நம்மகிட்ட என்ன இருக்கு? தூக்குனதுக்குப் பொறவு இவர் பட்ட பாட்டுக்குச் சாட்சி உண்டா?"

"இருக்கு அண்ணாச்சி."

அவள் செல்போனைக் கொடுத்தாள். மணிராஜ் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னது?" என்று பாபநாசம் கையை நீட்டினார். சுவரைப் பிடிக்கிற இடம் வரைக்கும்தான் பார்த்தார். அதற்குள் முகம் கறுத்துவிட்டது.

"எவன் எடுத்தான்? அந்தப் பயலா?"

"யாரோ எடுத்தாவ."

"இதை அழி."

"மாட்டேன். ஊரே பாத்ததுக்குச் சந்தோஷப்பட்டிய. நீங்களே எடுத்து அனுப்புனிய. இதை ஒரே ஒரு டாக்டர் பாத்தா என்ன கொறைஞ்சு போச்சு?"

"அது நான் இல்ல."

"பொறவு யாரு?"

அவர் ஷூவை மாட்டத் தொடங்கினார். கயிறு கைக்கு வசப்படவில்லை. சித்ரலேகா குனிந்து கட்டிவிடப் போனாள், தட்டிவிட்டார்.

"இதைக் காட்டணும்னு பேச்சு எடுத்தா, நான் நாகர்கோவில்லயே எறங்கித் திரும்பிருவேன். பதினஞ்சே இருந்துட்டுப் போட்டும்."

மணிராஜ் எழுந்து அவர் தோளில் கை வைத்தார். குரல் தணிந்திருந்தது. "கேளும் வே. உள்ள உம்மைத் தவிர வேற யாரையும் விட மாட்டாங்க. நானும் வர முடியாது, உம்ம பொண்டாட்டியும் வர முடியாது. காட்டுததுன்னாலும் நீருதான் காட்டணும், சொல்லுததுன்னாலும் நீருதான் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். வலிக்குன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்லும், போதும். சொல்லாம வந்தீருன்னா, இதுக்கு மேல தட்டக் கதவு கெடையாது. கோர்ட்டுக்குப் போய்க் கிழவனாகுத வரை அலையணும்."

பாபநாசம் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா? இருபது வருஷத்துக்கு மேல் அந்தத் தலையாட்டலைப் பார்த்தவளுக்கே தெரியவில்லை.

நாகர்கோவில் பஸ்ஸில் கூட்டம் இல்லை. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக அடித்தது. சித்ரலேகா சேலைத் தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். தூக்கம் வரவில்லை. மூடின கண்ணுக்குள்ளேயும் அந்தத் தெருக்குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கண்டக்டரிடம் விசில் அடிக்கச் சொல்லி இறங்கி, எங்கேயாவது நடந்துகொண்டே இருக்கலாம் போல இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மடியிலிருந்த பை மெல்ல அசைந்தது.

தலைப்பின் இழை வழியாகப் பார்த்தாள். அவர் அவளுடைய செல்போனை எடுத்திருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு, கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பார்த்தார். இந்தத் தடவை சுவரோடு நிறுத்தவில்லை. முழுவதும் பார்த்தார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். பிறகு அவர் கட்டை விரல் திரையின் மேல் நின்றது. என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. போனைப் பைக்குள் வைத்து, ஜிப்பைப் பைய இழுத்து மூடினார்.

அழித்தாரா, விட்டுவிட்டாரா? எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவள் விழித்திருந்தது அவருக்கும் தெரிந்துவிடும். கையை மடக்கி வைத்துக்கொண்டாள்.

நாங்குநேரி தாண்டியதும் அவர் குனிந்தார். முனகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஷூக் கயிற்றைத் தளர்த்தினார். ஒரு காலை வெளியே எடுத்தார். பிறகு மற்றொன்றை. ஊரார் பார்க்கிற இடத்தில் அவர் ஷூவைக் கழற்றி அவள் பார்த்ததில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றார்.

"வலிக்கு."

சித்ரலேகா மூச்சை அடக்கிக்கொண்டாள். மனுஷன் பாடம் படிக்கிறார்! பொண்டாட்டி தூங்குகிறாள் என்ற தைரியத்தில், ஓடுகிற பஸ்ஸில், ஒற்றை வார்த்தையைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

"வலிக்கு, சார்." இப்போது கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "கணுக்காலு வலிக்கு."

தாயே, சந்தனமாரி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. போன வாரம் உன்னைச் சுமந்தாரே, நாளைக்கு இந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் நாக்கில் நிறுத்து என்று வேண்டிக்கொண்டாள்.

முன் ஸீட்டில் வாழைத்தாரை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வியாபாரி திரும்பிப் பார்த்தார். வெறுங்காலைக் கண்டார். வீங்கின கணுக்காலையும் கண்டார்.

"என்ன அண்ணாச்சி, காலு ரொம்ப வலிக்கோ? இங்கன வேணா வாங்க, நீட்டி உக்காரலாம்."

பாபநாசம் சட்டென்று நிமிர்ந்தார். இரண்டு காலும் தானாக ஷூவுக்குள் போயின. முதுகு நேரானது.

"சேச்சே, ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன்."

சித்ரலேகா தலைப்பை விலக்கிக் கண்ணைத் திறந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. நாளைக் காலை அவளைக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிடுவார்கள். உள்ளே போய் டாக்டருக்குப் பதில் சொல்லப் போவது இந்த வாய்தான்.